கறி முதல் மிளகாய் வரை

ஒரு மொழியின் வரலாற்றைக் கல்வெட்டிலும் ஏட்டிலும் தேடுவோர் உண்டு. அங்காடியிலும் அதனைத் தேடலாம். திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையை அடுத்த காந்தி மார்க்கெட்டில் ‘நாட்டுக் காய்’, ‘இங்கிலீஷ் காய்’ என வழங்கும் இரு சொற்களுக்குள் மனித உணவின் நெடும்பயணம் ஒடுங்கிக் கிடக்கிறது.

அதிரம்பாக்கத்துக் கற்கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுப் பழமை உடையவை. வேட்டையும் கிழங்கும் கனியுமே அக்கால மாந்தரின் உணவு. உழவு பிறந்தது மிக அண்மையில்தான். தென்னாட்டுப் புதிய கற்கால மக்கள் கொள்ளும் பாசிப்பயறும் விளைவித்தனர். பையம்பள்ளி அகழாய்வில் அவற்றின் கரிந்த மணிகள் கிடைத்தன. ‘நாட்டு உணவு’ என்று போற்றப்படும் கம்பும் சோளமும் கேழ்வரகும் ஆப்பிரிக்க மண்ணில் தோன்றியவை. குழம்புக்கு உயிரான புளியின் தாயகமும் அதுவே. பழனியை அடுத்த பொருந்தலில் ஈமச் சின்னத்துள் வைக்கப்பட்டிருந்த நெல், கி.மு. ஐந்தாம் நூற்றாண்டிலேயே அது தமிழர் வாழ்வில் பெற்றிருந்த மதிப்பைக் காட்டுகிறது.

சங்கப் புலவர்கள் உணவை நிலத்தோடு பிணைத்தே கண்டனர். குறிஞ்சிக்குத் தினையும் தேனும், முல்லைக்கு வரகும் சாமையும், மருதத்துக்குச் செந்நெல், நெய்தலுக்கு மீன். காவிரிக் கரையில் சோழரின் உறையூர் தழைத்த அந்நாளில், ‘கறி’ என்றால் மிளகு. உறைப்புக்கு அதுவே முதன்மை. பின்னர் மிளகிட்டுச் சமைத்த பண்டத்துக்கும், காய்க்கும், ஊனுக்கும் அச்சொல் பரவிற்று.

கொலம்பசு 1492-இல் அமெரிக்கக் கரையைக் கண்டார். வாஸ்கோ ட காமா 1498-இல் கோழிக்கோட்டை அடைந்தார். இவ்விரு கடற்பயணங்களின் விளைவாக உலக அடுக்களைகளே உருமாறின. போர்த்துக்கீசியர் கொணர்ந்த புதிய உறைப்புக் காய்க்குத் தமிழர் மிளகின் பெயரையே சூட்டி ‘மிளகாய்’ என்றனர். கடலையின் பெயர் நிலக்கடலைக்கும், வள்ளியின் பெயர் மரவள்ளிக்கும் சென்றன. சீமைத்தக்காளியாய் வந்தது நாளடைவில் தக்காளியே ஆயிற்று. அன்னாசி, பப்பாளி, கொய்யா ஆகியவை தம் பெயரோடே வந்து தமிழொலி பெற்றன. 1820-களில் சல்லிவன் நீலகிரியில் ஐரோப்பியக் காய்களைப் பயிரிடச் செய்தார். அவற்றின் வழிவந்த கோசும் கேரட்டும் இன்றும் அங்காடியில் ‘இங்கிலீஷ்’ அடைமொழியைச் சுமந்து நிற்கின்றன.

நாவு மறந்ததைச் சடங்கு மறப்பதில்லை. திருவரங்கத்து அந்தணர் இல்லங்களில் திவசச் சமையலுக்கு மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு ஆகா. மிளகும் வாழைக்காயும் சேப்பங்கிழங்கும் பாகலுமே ஆகும். முன்னோர்க்கு அவர்கள் அறிந்த உணவையே படைக்கும் மரபு, ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய தமிழ் அடுக்களையைக் காத்து வருகிறது. எனினும் அரங்கன் கோயிலில் துலுக்க நாச்சியாரை முன்னிட்டு ரொட்டியும் வெண்ணெயும் படைக்கப்படுவதும் வழக்கம். பழமை காக்கும் மடைப்பள்ளியும் புதியவரை வரவேற்றிருக்கிறது.

ஆக, பிற நாட்டு உணவு வந்ததனால் தமிழுக்கு இழப்பில்லை, வளமே மிகுந்தது. இழப்பு வேறிடத்தில் நேர்ந்தது. மேட்டூர் அணை 1934-இல் திறக்கப்பட்டது. 1960-களில் பசுமைப் புரட்சியின் குறுகியகால நெல் வகைகள் வந்தன. நியாயவிலைக் கடைகள் ஊர்தோறும் அரிசியைக் கொண்டு சேர்த்தன. பசி தணிந்தது பெரும்பேறு. ஆனால் வரகும் சாமையும் வயலைவிட்டு அகன்றன. மணச்சநல்லூர் போன்ற ஊர்களின் ஆலைகள் அரிசியை வெண்மையாக்கித் தந்தன; தவிட்டோடு சத்தும் போயிற்று. உரல் ஓய்ந்தபோது, உலக்கை ஓச்சிய மகளிர் பாடிய வள்ளைப்பாட்டும் ஓய்ந்தது.

ஐக்கிய நாடுகள் அவை 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அத்தானியங்கள் மீண்டும் கடைக்கு வந்துள்ளன. ஆனால் வாங்குவோர் பலர்க்கு எல்லாமே ‘சிறுதானியம்’தான். தினையையும் குதிரைவாலியையும் பிரித்தறியாத கண்ணுக்குக் குறிஞ்சிப் பாட்டின் தினைப்புனம் வெறும் பசுமையாகவே தோன்றும். கடல் கடந்து வந்த காய்க்கெல்லாம் பெயர் சூட்டிய மொழி, தன் புனத்தில் விளைந்தவற்றின் பெயரை இழத்தல் தகாது. அப்பெயர்களைப் பாட்டில் காப்பது புலவர் கடன். உலையில் காப்பது அனைவர் கடன்.