உதயதாரகையை வாசிக்கலாம், எனது கட்டுரையை வாசிக்க முடியவில்லை

ரொறன்ரோவில் வாழும் ஓர் அம்மையார் சில மாதங்களுக்கு முன்னர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். அவருடைய தந்தையார் வன்னியில் ஒரு பாடசாலையின் அதிபராகப் பணியாற்றி 1998ஆம் ஆண்டு காலமானவர். அவர் மறைந்தபோது நான் பத்திரிகையில் ஒரு நினைவுக் கட்டுரை எழுதியிருந்தேன். குடும்பத்தார் வைத்திருந்த நறுக்கு இடப்பெயர்வுகளில் தொலைந்துபோயிற்று.

"ஐயா, அப்பாவைப் பற்றி அச்சில் வந்தது அது ஒன்றுதான். பேரப்பிள்ளைகளுக்காகச் சிறு நூல் ஒன்று செய்யப் போகிறோம். உங்களிடம் இருக்குமா?" என்று கேட்டார்.

"இருக்கிறது அம்மா, நாளைக்கே அனுப்புகிறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

கட்டுரை என்னிடம் இருந்தது உண்மை. எழுதியவற்றை நெகிழ்வட்டிலிருந்து இறுவட்டுக்கும், இறுவட்டிலிருந்து வன்தட்டுக்குமாக மாற்றி மாற்றிக் காத்து வந்தவன் நான். ஆனால் அந்த அழைப்புக்கு இரு வாரங்களுக்கு முன்னர்தான் பழைய கணினியைக் கைவிட்டுப் புதிய இயங்குதளம் கொண்ட கணினிக்கு மாறியிருந்தேன். கோப்பைத் திறந்தேன். அதில் ஒரு தமிழ் எழுத்துக்கூட இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் பொருளற்ற வரிகளாக நிறைந்து கிடந்தன.

முதலில் புதிய இயங்குதளத்தையே திட்டினேன். ஆறுதலாக யோசித்தபோதுதான் பிழை அதனுடையது மட்டுமன்று என்பது புரிந்தது. அதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. அதில் எனக்கும் பங்குண்டு.

தொண்ணூறுகளில் எமது பத்திரிகை அலுவலகங்களுக்குக் கணினி வந்தபோது அதற்குத் தமிழ் தெரியாது. 1995இல் வந்த விண்டோஸ் 95இலும், 1998இல் வந்த விண்டோஸ் 98இலும் தமிழுக்கென்று தனி இடம் இருக்கவில்லை. ஆங்கில எழுத்து இருந்த இடத்தில் தமிழ் எழுத்தின் உருவத்தை வரைந்து வைப்பதே அன்றைய உபாயம். இலங்கையில் பரவலாகப் புழங்கிய பாமினி எழுத்துரு அத்தகையது. அதில் 'தமிழ்' என்று அடித்தால் திரையில் தமிழ் என்றே தெரியும். கணினி பதிந்துகொள்வதோ ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்னும் ஐந்து குறிகளை மாத்திரமே. பாமினி இல்லாத கணினியில் அந்த ஐந்து குறிகள்தான் எஞ்சும். எனது கட்டுரைக்கு நேர்ந்ததும் இதுதான்.

பாமினி ஒன்றுதான் என்றாலும் பரவாயில்லை. நிறுவனத்துக்கு ஒன்றாக எழுத்துருக்கள் பெருகின. சென்னையிலிருந்து வந்த கோப்பைக் கொழும்பில் திறக்க முடியாமல், தாளில் எடுத்து மீண்டும் தட்டச்சு செய்த நாட்கள் உண்டு. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் தமிழ் இணைய மாநாடுகள் கூடின. சென்னை மாநாட்டின் பயனாகத் தாம், தாப் என்னும் இரு குறியீட்டு முறைகள் வந்தன. இணையத்தில் இயங்கிய தமிழ் ஆர்வலர்கள் திஸ்கி என்னும் வேறொரு முறையை உருவாக்கினர்.

இவற்றுக்கெல்லாம் முன்னரே, 1991இல் வெளியான யுனிகோட்டின் முதற் பதிப்பில் தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. தமிழின் 'க'வுக்குத் தனி எண், ஆங்கிலத்தின் 'கே'க்குத் தனி எண். ஒன்றின் வீட்டில் மற்றொன்று குடியிருக்க வேண்டியதில்லை. ஆயினும் விண்டோஸ் இயங்குதளத்தில் யுனிகோட் தமிழ் லதா எழுத்துருவுடன் வந்து சேர்ந்தது விண்டோஸ் 2000இல்தான். 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில்கூட அமைப்புகளுக்குள் சென்று அதனை நாமே இயக்கிவிட வேண்டியிருந்தது. அது தெரியாதவர்களுக்குத் தமிழ்ப் பக்கங்கள் வெறும் கட்டங்களாகத் தெரிந்தன.

அப்போதாவது பத்திரிகைக்காரராகிய நாம் மாறினோமா? இல்லை. காரணங்கள் இருந்தன. பக்கங்களை நாம் வடிவமைத்தது பேஜ்மேக்கரில். 2001இல் வந்த அதன் கடைசிப் பதிப்பும் யுனிகோட்டை அறியாது. தட்டச்சுப்பொறியில் பழகிய விரல்களுக்குப் பாமினியின் விசை ஒழுங்கு இசைவாக இருந்தது. விண்டோஸுடன் வந்த தமிழ் விசைப்பலகையோ இந்திய மொழிகளுக்கெனப் பொதுவாக அமைந்த வேறோர் ஒழுங்கு. எல்லாவற்றுக்கும் மேலாக, தினமும் இரவு பத்திரிகை அச்சேறியாக வேண்டும்.

பழைய கோப்புகளை யுனிகோட்டுக்கு மாற்றிவிடும்படி அக்காலத்தில் ஓர் இளம் தம்பி எனக்குச் சொன்னார். "அச்சில் ஒழுங்காக வருகிறதே, போதாதா?" என்று மறுத்தவன் நான். இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் 2008இல் எஸ்.எல்.எஸ். 1326 என்ற தமிழ்க் கட்டளையை யுனிகோட்டின் அடிப்படையில் வெளியிட்டது. அதற்குள் பல ஆண்டுகளின் எழுத்து பாமினியில் சேர்ந்துவிட்டிருந்தது.

இயங்குதளங்களோ எமக்காகக் காத்திருப்பதில்லை. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபரிலும் முடிவுற்றன. ஒவ்வொரு முறையும் எங்கோ ஓர் அலுவலகத்தின் மூலையில் பாமினியும் பேஜ்மேக்கரும் இருந்த கணினி ஒன்று ஒதுக்கப்பட்டிருக்கும். அதனுடன் சில ஆண்டுகளின் எழுத்தும் போயிருக்கும். யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிந்ததை நாம் மறக்கவில்லை. இந்த இழப்பிலோ புகைகூட எழுவதில்லை. ஆதலால் எவரும் கவனிப்பதில்லை.

கலைமாணிப் பட்டத்துக்காக வரலாறு பயின்ற நாட்களில், அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்தில் 1841இல் தொடங்கிய உதயதாரகையின் பழைய பக்கங்களைப் பார்த்திருக்கிறேன். எஞ்சிய பக்கங்களை வாசிக்கத் தமிழ் தெரிந்தால் போதும். 1998இல் நான் எழுதியதை வாசிக்கத் தமிழ் தெரிந்தும் பயனில்லாமற் போயிற்று.

வவுனியாவில் இருக்கும் பழைய பக்க வடிவமைப்பாளர் ஒருவரிடம் பாமினி எழுத்துரு ஓர் இறுவட்டில் இருந்தது. மின்னஞ்சலில் பெற்றுப் பொருத்தினேன், கட்டுரை தமிழாயிற்று. அம்மையாருக்கு அனுப்பினேன். அவருடைய கைத்தொலைபேசியில் மறுபடியும் ஆங்கில எழுத்துகள். பின்னர் எழுத்துருமாற்றி ஒன்றில் இட்டு யுனிகோட்டாக்கினேன். இடையில் இருந்த ஆங்கிலச் சொற்களையும் அது தமிழாக்க முனைந்து உளறிவைத்தது. இரண்டு இரவுகள் வரிவரியாக ஒப்புநோக்கித் திருத்தி அனுப்பினேன்.

மறுநாள் அம்மையார் அழைத்தார். நன்றி கூறிவிட்டுச் சற்றுத் தயங்கினார். "அம்மாவின் ஊர் பிழையாக இருக்கிறது ஐயா, மாற்றியில் வந்த பிழையோ?" என்றார். பழைய கோப்பைத் திறந்து பார்த்தேன். மாற்றியின் பிழையன்று, 1998இல் நானே விட்ட பிழை. இத்தனை ஆண்டுகளுக்குப் பின் திருத்திக் கொடுத்தேன். வாசிக்க முடிந்தபடியால்தான் திருத்தவும் முடிந்தது.

என்னிடம் இன்னும் அறுநூற்றுச் சொச்சம் கோப்புகள் உள்ளன. நாளுக்கு இரண்டாக மாற்றத் தொடங்கியிருக்கிறேன். உங்கள் வீட்டிலும் சங்க மலர், கல்வெட்டு, தந்தையாரின் கடிதம் என்று பாமினியில் ஏதேனும் இருக்கக்கூடும். பழைய கணினியைக் கொடுத்துவிடுவதற்கு முன்னர் ஒருமுறை திறந்து பாருங்கள்.