"பதினாறு முடிஞ்சி, சேர்"

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள்.

குருக்கள்மடம் துறையில் காலையில் நின்றவர்களுக்குத் தெரியும். அம்பிளாந்துறையிலிருந்து 'பாதை' வந்து கரை தட்டும். நாங்கள், அதாவது படுவான்கரைக்குப் படிப்பிக்கப் போகும் ஆசிரியர்கள், ஏறுவதற்குக் காத்து நிற்போம். அந்தப் பக்கமிருந்து வேலைக்கு வருபவர்கள் இறங்குவார்கள். மேசன்மார், கூலியாட்கள், கடைகளுக்குப் போகும் பெண்கள். அவர்களுக்கு நடுவில் சில பொடியன்மார். பள்ளிக்கூடம் திறந்திருக்கும் நாளில், பள்ளிக்கூடம் இருக்கும் கரையை விட்டு இந்தக் கரைக்கு வருகிற பிள்ளைகள்.

இரண்டு மாதத்துக்கு முன் அப்படி ஒருவனைக் கேட்டோம். "எத்தின வயசு தம்பி?"

"பதினாறு முடிஞ்சி, சேர்."

கேட்டது வயதை மட்டும்தான். "முடிஞ்சி" என்பதை அவனாகவே சேர்த்துத் தந்தான். ஏழெட்டு வருடத்துக்கு முன் இதே கேள்விக்கு இப்படியான பிள்ளைகள் "பதினாலு" என்பார்கள். 2021இல் வேலைக்கான மிகக் குறைந்த வயதை 14இலிருந்து 16ஆகச் சட்டம் உயர்த்தியது. சட்டம் எங்கள் வாவிக்கரைக்கு வரவில்லை என்று யாரும் குறை சொல்ல வேண்டாம். அந்த இலக்கம் வந்து சேர்ந்துவிட்டது.

அவனுடைய வகுப்பாசிரியரை எங்களுக்குத் தெரியும். தரம் 9. இடாப்பில் உள்ள பிறந்த திகதிப்படி இன்னும் பதினைந்து ஆகவில்லை.

குருக்கள்மடம் என்ற பெயரைக் கேட்டாலே எங்கட ஆட்களுக்கு 1990 ஜூலைதான் ஞாபகம் வரும். கல்முனைப் பக்கமிருந்து காத்தான்குடிக்கு வந்தவர்கள் அந்த வீதியில் மறிக்கப்பட்ட கதை. அதை மறந்து இதை எழுதவில்லை. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும், இன்றைக்கு இல்லை. இன்றைக்கு இந்தப் பொடியனின் வயது.

கல்வியியற் கல்லூரியில் நாங்கள் எல்லோரும் ஒரு திகதியை மனப்பாடம் செய்தோம். 1945 ஒக்டோபர் 1, இலவசக் கல்வி, சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா. பரீட்சைக்கு அது போதும். ஆனால் கட்டணம் இல்லை என்பது ஒன்று, பிள்ளை கட்டாயம் வர வேண்டும் என்பது வேறொன்று. 1939ஆம் ஆண்டுக் கல்விக் கட்டளைச் சட்டத்திலேயே கட்டாய வரவுக்கு ஒழுங்குவிதி செய்யும் அதிகாரம் இருந்தது. 5 வயது முதல் 14 வரை கட்டாயம் என்ற ஒழுங்குவிதி வெளிவந்தது 1997 நவம்பரில். நடைமுறைக்கு வந்தது 1998 ஜனவரி 1. ஐம்பத்தெட்டு வருடம் அந்த அதிகாரம் தாளிலேயே கிடந்தது.

ஏன் கிடந்தது? எங்கள் அபிப்பிராயம் இதுதான்: வராத பிள்ளையை யாருமே தேடவில்லை. ஏனென்றால் அந்தப் பிள்ளை எங்கே இருக்கிறான் என்று எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் மூத்தவாப்பா காலத்து ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்போக வேளாண்மை கதிர் விட்டுப் பால் பிடித்தால் பள்ளிக்கூடம் முடிந்தது. பரணில் ஏறித் தகரத்தைத் தட்டிக் குருவியும் கிளியும் விரட்டுவது பிள்ளைகளின் வேலை. பெரியவர்களை அதற்கு வைத்தால் கூலி கட்டாது. பிறகு வெட்டு, சூடு, களவெட்டி. அதற்குப் பிறகு மாட்டுப்பட்டி. போடியாருக்கு முல்லைக்காரன் வேலை செய்தால், முல்லைக்காரனின் மகனும் சேர்ந்துதான் வேலை செய்தான். அவனுக்கென்று தனிச் சம்பளம் கிடையாது, கணக்கும் கிடையாது. போடிமாரில் தமிழரும் இருந்தார்கள், எங்கட ஆட்களும் இருந்தார்கள். இதில் எந்த ஊரும் சுத்தமில்லை.

பெண் பிள்ளைகளின் கதை இன்னும் சுருக்கம். பன்பாய் இழைக்க, தம்பி தங்கச்சியைத் தூக்க, மருதமுனையிலும் காத்தான்குடியிலும் தறி வீட்டில் நூல் சுற்ற. எழுதத் தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் எதற்கு என்ற காலம். இதையெல்லாம் யாரும் வேலை என்று சொன்னதில்லை. "வீட்டுக்கு ஒத்தாசை" என்றுதான் பெயர். இன்றைக்கும் வகுப்பில் பெற்றோரைக் கூப்பிட்டுக் கேட்டால் வருகிற சொல் அதுதான்.

இது எங்கள் ஊர்க் கூத்து மட்டுமில்லை. இங்கிலாந்தில் 1833இல் தொழிற்சாலைச் சட்டம் வந்து, ஒன்பது வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைப் பஞ்சாலை, கம்பளி ஆலைகளில் வைக்கக் கூடாது என்றது. அங்கே பிறப்புப் பதிவே 1837இல்தான் தொடங்கியது. அப்படியானால் வயதை எப்படி அறிவது? வைத்தியர் பிள்ளையின் உயரத்தைப் பார்ப்பார், வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார், சான்றிதழ் எழுதுவார். மாடு வாங்கும்போது நாங்கள் பார்ப்பது போல. வயதைச் சட்டம் ஆக்கினால் முதலில் பொய்யாவது வயதுதான் என்பது அன்றைக்கே தெரிந்த விடயம்.

எங்கள் பகுதியில் இந்தப் பிரச்சினையைச் சரியாகப் பிடித்தவர்களும் இருந்தார்கள். 1942இல், யுத்தகால உணவுத் தட்டுப்பாட்டு நேரத்தில், ஏ.எம்.ஏ. அஸீஸ் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்தார். வந்த வேலை நெல் விளைவிப்பது. வயலையும் வயலில் நிற்கும் பிள்ளையையும் பார்க்காமல் அந்த வேலையைச் செய்திருக்க முடியாது. அங்கேதான் அவருக்குக் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தரின் பழக்கம் கிடைத்தது. கல்லடி உப்போடையில் 1929இல் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கிய அதே விபுலானந்தர். அஸீஸ் கல்முனையில் முஸ்லிம் கல்விச் சங்கத்தை ஆரம்பித்தார். பிறகு 1945இல், பணமில்லாத முஸ்லிம் மாணவர்கள் மேலே படிப்பதற்காக இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடங்கினார்.

வருடத்தைக் கவனியுங்கள். இலவசக் கல்வி வந்த அதே 1945. கட்டணத்தை நீக்கினால் போதும் என்று அவர் நினைத்திருந்தால் அந்த நிதிக்குத் தேவை இருந்திருக்காது. பிள்ளை பள்ளிக்கு வருவதற்கான செலவு கட்டணம் மட்டுமில்லை. அவன் வேலைக்குப் போகாததால் வீட்டுக்கு வராமல் போகிற காசும் செலவுதான். ஒரு முஸ்லிம் அதிகாரியும் ஒரு இந்துத் துறவியும் சினேகிதமாக இருந்து கல்வியைப் பேசிய மண் இது என்பதைப் பக்கத்தில் சும்மா எழுதி வைக்கிறோம்.

யுத்த காலத்தைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை, எல்லோரும் கண்டதுதான். ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தி ஆயுதப் படையில் சேர்ப்பதை, 1999ஆம் ஆண்டின் 182ஆம் இலக்கத் தொழில் சமவாயம் சிறுவர் தொழிலின் மிக மோசமான வடிவங்களில் ஒன்றாக எண்ணுகிறது. இலங்கை அதை உறுதிப்படுத்தியது 2001இல். அந்த நேரத்திலும் பிறகும் படுவான்கரையில் என்ன நடந்தது? புலிகள் பிள்ளைகளைக் கொண்டுபோனார்கள். 2004இல் கருணா பிரிந்தபோது வாகரைப் பக்கமிருந்து பெருந்தொகையான பிள்ளைகள் வீடு திரும்பினார்கள். அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் மறுபடி தேடியது. அப்போதும் பேச்சு வயதைப் பற்றியதுதான். பிள்ளைகளே வயதைக் கூட்டிச் சொல்லிச் சேர்ந்தார்கள் என்று சொல்லப்பட்டது. எங்கள் வயதுக்காரர் அந்தக் காலத்தில் இந்தக் கரையில் ஓ.எல். படித்துக்கொண்டிருந்தோம். வாவிக்கு அந்தப் பக்கம் எங்கள் வயது வகுப்பறைகள் பாதியாகக் குறைந்தன. அன்றைக்கு அதை "அவங்கட பிரச்சினை" என்று நினைத்தோம். மறைக்க விரும்பவில்லை.

இனி எங்கட பிரச்சினைக்கு வருவோம்.

மூதூர் ரிஸானா நபீக்கை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். தகப்பன் விறகு வெட்டிப் பிழைத்தவர். பிள்ளை பிறந்தது 1988 பெப்ரவரி. கடவுச்சீட்டில் 1982 பெப்ரவரி. அந்த ஆறு வருடத்தைத் தாளில் கூட்டிப் போட்டு 2005 மே மாதம் சவூதிக்கு அனுப்பினார்கள். 17 வயதில் போய் இறங்கியவளின் பொறுப்பில் நான்கு மாதக் குழந்தை. சில கிழமைக்குள் அந்தக் குழந்தை மௌத்து. 2007இல் மரண தண்டனை, 2013 ஜனவரி 9இல் நிறைவேற்றம். அன்றைக்கு நாடே அழுதது, பாராளுமன்றம் எழுந்து நின்றது. நாங்களும் துஆ கேட்டோம். தண்டனையைப் பற்றிப் பேசினோம், சவூதியைப் பற்றிப் பேசினோம், அரசாங்கத்தைப் பற்றிப் பேசினோம். தரம் பத்திலோ பதினொன்றிலோ இருந்திருக்க வேண்டிய ஒரு பிள்ளையின் இடம் வகுப்பில் காலியானபோது யார் தேடினார்கள் என்று பேசவில்லை. ஆசிரியர்களாகிய நாங்களும்தான். "இடைவிலகல்" என்று ஒரு சொல் இருக்கிறது. சிவப்புப் பேனாவால் எழுதினால் விடயம் முடிந்துவிடும்.

எட்டு வருடம் கழித்து, 2021 ஜூலையில், டயகம தோட்டத்துப் பிள்ளை ஹிஷாலினி. கொழும்பில் முன்னாள் அமைச்சர் ஒருவரின் வீட்டில் வேலைக்கு இருந்தவள், தீக்காயத்தோடு வைத்தியசாலைக்குப் போய் இறந்துபோனாள். வயது 16. எப்படி இறந்தாள் என்பது நீதிமன்றத்தின் வேலை, அதில் நாங்கள் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு எங்கட ஆட்களின் பதிவுகளைத் திரும்பிப் பாருங்கள். வீடு முஸ்லிம் வீடு என்பதால், அரசியல் பழிவாங்கலா இல்லையா என்பதுதான் முக்கால்வாசிப் பேச்சு. அரசியலும் இருந்திருக்கலாம். மற்றக் கால்வாசிப் பேச்சு, அவள் வேலைக்குச் சேர்ந்த நாளில் சரியாக எத்தனை வயது என்பது. மறுபடியும் அதே கணக்கு. சில மாதம் இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா.

தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான். அவளுடைய பாட்டியின் காலத்தில் அந்தப் பிள்ளைகளுக்கு 1945 என்ற வருடமே வரவில்லை. ரிஸானா எங்கட பிள்ளை, எங்கட ஊரிலிருந்து வேலைக்கு அனுப்பப்பட்டவள். ஹிஷாலினி இன்னொருவரின் பிள்ளை, எங்கட வீடு ஒன்றுக்கு வேலைக்கு வந்தவள். ஒன்றுக்கு அழுதவர்கள் மற்றதற்குச் சட்டம் பேசினோம்.

2016இல் கட்டாயக் கல்வி வயது 16ஆக உயர்ந்தது. வேலைக்கான வயது 14இலேயே நின்றது. 2021 வரைக்கும், அதாவது ஐந்து வருடம், 15 வயதுப் பிள்ளை ஒரு சட்டப்படி வகுப்பில் இருக்க வேண்டும், இன்னொரு சட்டப்படி வேலைக்கு வைக்கலாம். இதை யாரும் பெரிதாகக் கவனித்ததாகத் தெரியவில்லை. அதே 2016இல் தொகைமதிப்புத் திணைக்களம் எடுத்த கணக்கில், 5 முதல் 17 வயது வரையில் சிறுவர் தொழிலில் இருந்தவர்கள் 43,714 பேர். நூற்றுக்கு ஒருவர். உலகத்தோடு ஒப்பிட்டால் நல்ல கணக்குத்தான். 2024இல் உலகம் முழுவதும் 138 மில்லியன், அதில் பத்தில் ஆறு பேர் விவசாயத்தில். எங்கள் நாட்டுக்கு இந்த நல்ல பெயர் இலவசக் கல்வியால் வந்தது, அதை மறுக்க முடியாது. ஆனால் அந்த நூற்றில் ஒருவன் எங்களோடு துறையில் நிற்கிறான்.

2022க்குப் பிறகு இந்த நிலைமை கூடியிருக்கிறது என்று எங்கள் இடாப்பு சொல்கிறது. கொப்பி விலை, சப்பாத்து விலை. தாய் வெளிநாடு போன வீடுகளில் மூத்த பிள்ளை திங்கட்கிழமை வராது, வியாழன் வராது, பிறகு வரவே வராது.

அந்தப் பொடியன் வேலை செய்கிற மேசன் பாஸைத் தேடிப் பிடித்தோம். எங்கட ஆள்தான், கெட்ட மனிதர் இல்லை. தேத்தண்ணி தந்தார்.

"அவன்ட அம்மாதான் வந்து கேட்டா சேர். பதினாறு எண்டும் அவதான் சொன்னா."

பிறப்புச் சான்றிதழைப் பார்த்தீர்களா என்றோம்.

சிரித்தார். "கலியாணத்துக்கா கேக்கிறீங்க?" பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "சரி, நாளைக்கே நிப்பாட்டுறன். அந்த வீட்டுக்கு நாள் காசு ஆரு குடுக்கிற? நீங்களா?" என்று கேட்டார்.

நாங்கள் மூன்று பேர் போயிருந்தோம். மூன்று பேரும் தேத்தண்ணியைக் குடித்தோம். அஸீஸ் 1945இல் ஆரம்பித்த கேள்வியை ஒரு மேசன் பாஸ் எங்களிடம் திருப்பிக் கேட்டது போல இருந்தது. இப்போது ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஓ.எல். வரைக்கும் மாதாமாதம் கொடுப்பதாகப் பேசியிருக்கிறோம். பாஸும் ஒரு பங்கு தருவதாகச் சொன்னார். தாயிடம் இன்னும் பேசவில்லை.

பேச முடியவில்லை என்பதுதான் உண்மை. இரண்டு கிழமையாகப் பொடியன் பாதையில் வருவதில்லை. பள்ளிக்கும் போகவில்லை. பாஸின் வேலைக்கும் வரவில்லை. கொக்கட்டிச்சோலையால் சுற்றி மண்முனைப் பாலத்தால் சைக்கிளில் வேறு ஆளிடம் வேலைக்குப் போவதாகக் கேள்விப்பட்டோம். குருக்கள்மடம் துறையில்தான் வயது கேட்கிற ஆசிரியர்கள் நிற்கிறார்களே.

தரம் 9 இடாப்பில் பெயர் இன்னும் வெட்டப்படவில்லை, வகுப்பாசிரியர் வைத்திருக்கிறார். ஆரையம்பதி, காத்தான்குடி, தாழங்குடாப் பக்கம் வீட்டு வேலை நடக்கிற இடங்களில் அப்படி ஒரு பிள்ளையைக் கண்டால், "பதினாறு முடிஞ்சி" என்று சொன்னால், எங்களுக்கு உள்பெட்டியில் அறிவியுங்கள். பெயர் போட வேண்டாம், படம் எடுத்துப் போடவே வேண்டாம். இடத்தை மட்டும் சொல்லுங்கள், நாங்கள் வருகிறோம்.