குருவா, வெளியாளா? கொங்கு வட்டாரத்தில் உளவள ஆலோசனையின் தடம்

தனியாக அமர்ந்து மனம்விட்டுப் பேசி நலம்பெறும் சிகிச்சைக்கு இந்தியாவில் எது முன்மாதிரி? மனநல மருத்துவர் ஜஸ்வந்த் சிங் நேக்கி 1973-இல் சொன்ன விடை: குரு–சீடர் உறவு. தன்னை வெளிப்படுத்துவதைவிடத் தன்னைக் கட்டுப்படுத்துவதை மதிக்கும் சமூகங்களுக்கு அதுவே பொருந்தும் என்றார் அவர். இந்திய நோயாளி தனக்குள் காரணம் தேடுவதைவிட நேரடி ஆதரவையே நாடுகிறார் என்று ஆய்வாளர்கள் சூர்யாவும் ஜெயராமும் 1964-லேயே எழுதியிருந்தனர். அந்த எதிர்பார்ப்புக்கு நேக்கி மரபிலிருந்து ஒரு வடிவம் தந்தார். சார்ந்திருப்பதை அவர் குறையாகக் கருதவில்லை. அது அவருடைய பெரும் பங்களிப்பு.

ஆனால் கொங்கு வட்டாரத்தில் அந்த குரு யார்? நாமக்கல், திருச்செங்கோடு, ராசிபுரம் பகுதி உறைவிடப் பள்ளிகளில் பிளஸ் டூ படிக்கும் மாணவருக்கு குரு என்பவர் மதிப்பெண் கேட்கும் ஆசிரியர். நூற்பாலை விடுதியில் தங்கியிருக்கும் இளம்பெண்ணுக்குக் கண்டிப்பும் அறிவுரையும் வார்டனிடமிருந்து வருகின்றன. வீட்டுக்குப் போனால் பங்காளிகளும் மாமன் மச்சான்களும் இருக்கிறார்கள். ஒருவரிடம் சொன்னது சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். வழிகாட்ட ஆள் இல்லாததல்ல இவர்களின் குறை. கேட்டதைத் தன்னோடு வைத்துக்கொள்ளும் வெளியாள்தான் இல்லை. நேக்கி காணத் தவறியது இதைத்தான்.

குரு இல்லாமல் நலம்பெற முடியுமா என்பதற்கு ஒரு சான்றை நின்று பார்க்க வேண்டும். வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 பேரை ஆய்வாளர் ரகுராமின் குழுவினர் ஆராய்ந்து, 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டனர். அவர்களில் 23 பேருக்குச் சந்தேகவகை மனச்சிதைவு. சராசரியாக ஆறு வாரம் தங்கியதில் நோய்க்குறி மதிப்பெண் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. குணப்படுத்துவதற்கென்று தனிச் சடங்கு கிடையாது. காலையில் சிறு பூஜை. பிறகு வளாகத்தைக் கூட்டுவது, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது. மிரட்டாத, ஆதரவான சூழலே பலன் தந்தது என்பது ஆய்வாளர்களின் முடிவு. உபதேசிக்கும் குரு இல்லாமலே நோய் தணிந்திருக்கிறது.

இந்தச் சான்றை எல்லை மீறி இழுக்கக் கூடாது. அங்கிருந்தவர்கள் தீவிர நோயாளிகள். உடன் உறவினரும் தங்கினர். வேலூர் மனநல மையம் 1957 முதல் குடும்பத்தோடு தங்கவைத்துச் சிகிச்சை தருவதும் இதே வழிதான். ஆகவே கோயில் சான்று குருவை மறுக்கிறது, குடும்பத்தை மறுக்கவில்லை.

வெளியாளுக்கான சான்று வேறிடத்தில் கிடைக்கிறது. சென்னையில் 1986-இல் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகாவில் தன்னார்வலர்கள் தீர்ப்புச் சொல்லாமல் கேட்டார்கள். கோவாவில் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், மருத்துவரல்லாத ஆலோசகர்கள் ஆறு முதல் எட்டு அமர்வுகள் தனித்தனியே பேசினர். கடும் மனச்சோர்விலிருந்து மீண்டவர்கள் அப்படிப் பேசியவர்களில் 64 விழுக்காடு. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39. அந்த அமர்வுகளிலும் செய்ய வேண்டிய வேலைகளைச் சொல்லிக் கொடுத்தார்கள் என்பதால் நேக்கியின் கூற்றில் பாதி நிற்கிறது: வழிகாட்டல் தேவை, ஆசான் பீடம் தேவையில்லை.

கொங்கின் கோவையில் உளவள ஆலோசனை எந்த ஆண்டு தொடங்கியது என்று அறுதியிடுவது கடினம். அரசு மருத்துவக் கல்லூரி வந்தது 1966-இல், பாரதியார் பல்கலைக்கழகம் 1982-இல். ஆனால் நிறுவனம் பிறந்த தேதி ஆலோசனை பிறந்த தேதியாகிவிடாது. சட்டத்தின் தேதி மட்டும் தெளிவானது. 2018 மே 29-இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, மனநோய் உள்ளவருக்கு ரகசியக் காப்பை உரிமையாக்கியது. 15-ஆம் பிரிவோ, 18 வயது நிறையாதவருக்குச் சட்டப்படியான பாதுகாவலரையே, சிகிச்சை முடிவுகளில் துணைநிற்கும் நியமனப் பிரதிநிதியாக்குகிறது. பதினாறு வயதுப் பிள்ளை பெற்றோருக்குத் தெரியாமல் எவ்வளவு பேசலாம் என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது.

உறைவிடப் பள்ளிகளும் ஆலை விடுதிகளும் ஆலோசகரை அமர்த்தும்போது, ஆசிரியரையோ வார்டனையோ அந்த நாற்காலியில் உட்கார வைக்கக் கூடாது. அப்படி ஒருவர் வரும்வரை, 2022 முதல் செயல்படும் 14416 என்ற தொலைபேசி மனநல உதவி எண்ணையாவது ஒவ்வொரு விடுதிச் சுவரிலும் எழுதி வையுங்கள்.