வெளிநாட்டுக்கு நாயையும் கூட்டிச் செல்வதென்றால்: கொழும்பிலிருந்து புறப்படுவோர் அறிய வேண்டியவை

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தொடர்மாடி வீடுகளில் தனித்திருக்கும் தாய் தகப்பன்மார் பலரின் பிள்ளைகள் லண்டனிலோ ரொறன்ரோவிலோ சூரிச்சிலோ இருக்கிறார்கள். பேரப்பிள்ளை பிறக்கப் போகிறது, சில மாதங்கள் வந்து நில்லுங்கள் என்று அழைப்பு வரும். விசாவுக்கும் பயணச்சீட்டுக்கும் வழி தெரிந்த வீடுகளில்கூட ஒரு கேள்வி மிஞ்சும். வீட்டு நாயை என்ன செய்வது?

வெள்ளவத்தையில் வசிக்கும் நான் உறவினருக்கும் அயலவருக்கும் இந்த அலுவலைப் பலமுறை விசாரித்துக் கொடுத்திருக்கிறேன். கேட்பவர்களில் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்களே அதிகம். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு வெளியேறிய இரவில் நாயை அவிழ்த்துவிட்டு வந்ததை இன்றும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். வன்னியில் அது திரும்பவும் நடந்தது. இன்னொரு நாயை அப்படி விட்டுவிட்டுப் போக மனம் வராது என்பது அவர்கள் சொல்லும் நியாயம். ஆனால் இந்தப் பயணத்தைத் தீர்மானிப்பது மனம் அல்ல, நாட்காட்டி.

இலங்கை விசர்நாய்க்கடி நோய் முற்றாக ஒழிக்கப்படாத நாடு. ஆகவே மேற்கு நாடுகள் பலவற்றுக்கு இங்கிருந்து செல்லும் நாய் மற்ற நாடுகளின் நாயைவிடக் கூடுதலான சோதனைகளைத் தாண்ட வேண்டும்.

வரிசை மாறக்கூடாது

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கும் பிரித்தானியாவுக்கும் நடைமுறை ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் நாயின் தோலுக்கடியில் மைக்ரோசிப் பொருத்த வேண்டும். அது ஐ.எஸ்.ஓ தரத்துக்கு அமைந்த, 15 இலக்கங்கள் கொண்ட சிப்பாக இருக்க வேண்டும். அதன் பின்னரோ அதே நாளிலோ விசர்நாய்க்கடித் தடுப்பூசி போட வேண்டும். அப்போது நாய்க்குக் குறைந்தது 12 வாரம் நிறைந்திருக்க வேண்டும். சிப் பொருத்துமுன் போட்ட ஊசி கணக்கில் வராது. வருடாவருடம் ஊசி போட்டுவந்த நாயாக இருந்தாலும் சிப் பொருத்திய பின் திரும்பவும் போட்டே ஆக வேண்டும்.

ஊசி போட்டு 30 நாட்களாவது கழிந்த பின் இரத்தம் எடுக்க வேண்டும். அந்த இரத்தத்தில் விசர்நாய்க்கடி நோய்க்கு எதிரான பிறபொருளெதிரியின் அளவு மில்லிலீற்றருக்கு 0.5 சர்வதேச அலகோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். செல்லும் நாடு அங்கீகரித்த ஆய்வகத்தின் முடிவு மட்டுமே ஏற்கப்படும் என்பதால் மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டி வரும். உங்கள் மிருக வைத்தியர் எந்த ஆய்வகத்துக்கு அனுப்புகிறார், அது அங்கீகாரப் பட்டியலில் உள்ளதா என்பதை முன்கூட்டியே கேளுங்கள்.

முடிவு நல்லபடி வந்தாலும் உடனே புறப்பட முடியாது. இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதங்கள் கழிய வேண்டும். முதல் 30 நாட்களையும் சேர்த்தால் நான்கு மாதம். சிப் வாங்குவது, மாதிரி அனுப்புவது, அளவு போதாமல் போனால் திரும்பவும் ஊசி போட்டு இரத்தம் எடுப்பது என்பவற்றையும் கணக்கிட்டால் ஆறு மாத அவகாசம் வைத்துக்கொள்வதே புத்தி.

செங்கன் விசாவில் செல்பவர் ஐரோப்பாவில் தங்கக்கூடியது 180 நாட்களுக்குள் 90 நாட்கள் மட்டுமே. அதாவது நாயை ஆயத்தம் செய்யும் காலம், நீங்கள் அங்கே நிற்கும் காலத்தைவிட நீளமானது. பிரான்சுக்கோ ஜேர்மனிக்கோ மூன்று மாதத்துக்குப் போகிறவருக்கு, நாயை நம்பிக்கையான ஒருவரிடம் விட்டுச் செல்வதே நல்லது என்று நான் சொல்லி வருவதன் காரணம் இதுதான்.

நாட்டுக்கு நாடு உள்ள வேறுபாடுகள்

பிரித்தானியா: மேலே சொன்னவற்றோடு, நாய் போய் இறங்குவதற்கு முன்னான 24 முதல் 120 மணித்தியாலங்களுக்குள் நாடாப்புழு மருந்தை மிருக வைத்தியர் கொடுத்து, சான்றிதழில் நேரத்துடன் பதிய வேண்டும். வழிகாட்டி நாய்கள் தவிர்ந்தவை விமானத்தில் சரக்காகவே இறக்கப்படுகின்றன. அங்கீகரிக்கப்பட்ட விமான நிலையத்தின் ஊடாகவே வர வேண்டும். பிட்புல் ரெரியர், எக்ஸ்எல் புல்லி போன்ற சில இனங்களுக்கு அங்கே தடை உண்டு.

நோர்வே: ஐரோப்பிய விதிகளுடன் நாடாப்புழு மருந்தும் கட்டாயம்.

சுவிற்சர்லாந்து: இலங்கையிலிருந்து விமானத்தில் நேராக அந்த நாட்டுக்குள் கொண்டுவருவதானால், அங்குள்ள மத்திய உணவுப் பாதுகாப்பு, கால்நடை அலுவலகத்தின் அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும்.

கனடா: சொந்த வளர்ப்பு நாயுடன் செல்பவருக்கு இரத்தப் பரிசோதனை கேட்கப்படுவதில்லை. செல்லுபடியாகும் தடுப்பூசிச் சான்றிதழ் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ இருக்க வேண்டும். விமான நிலையத்தில் நாயைப் பரிசோதிப்பார்கள், அதற்குக் கட்டணம் உண்டு. ஆனால் 2022 செப்டெம்பர் 28 முதல், விசர்நாய்க்கடி நோய் கூடுதலாக உள்ள நாடுகளிலிருந்து வணிக நோக்கில் நாய் கொண்டுவருவது தடைசெய்யப்பட்டுள்ளது. அந்தப் பட்டியலில் இலங்கையும் உண்டு. தத்துக் கொடுப்பதற்காக அனுப்பும் நாயும் வணிக வகையிலேயே சேரும். ஆகவே, "தெருவில் எடுத்து வளர்த்த நாய், அங்கே மகனுக்கு அனுப்பிவிடுவோம்" என்பது நடக்காது. உரிமையாளரான நீங்களே செல்வதும், நாய் உங்களுடையதாகவே இருப்பதும் வேறு விடயம். பெற்றோருக்கான சுப்பர் விசாவில் ஒரே முறையில் ஐந்து வருடம் வரை தங்க முடியும் என்பதால், நாயைக் கொண்டுசெல்வதற்குக் காரணம் மிக வலுவாக உள்ள நாடு கனடாதான்.

அவுஸ்திரேலியா: இலங்கையிலிருந்து நாயை நேரடியாக ஏற்பதில்லை. அங்கீகரிக்கப்பட்ட வேறொரு நாட்டில் தங்கவைத்து, அங்கிருந்தே கொண்டுசெல்ல வேண்டும். பின்னர் மெல்பேர்ன் மிக்கில்ஹாமில் உள்ள அரச நிலையத்தில் தனிமைப்படுத்துவார்கள். விடுமுறைக்காக எடுக்கக்கூடிய முயற்சி அல்ல இது.

அமெரிக்கா: 2024 ஓகஸ்ட் 1 முதல் எல்லா நாய்களுக்கும் ஆறு மாத வயதும் மைக்ரோசிப்பும் கட்டாயம். இலங்கையில் ஊசி போட்ட நாய்க்கு, பதிவுபெற்ற பராமரிப்பு நிலையம் ஒன்றில் இடம் முன்பதிவு செய்திருக்கவும் வேண்டும். ஏற்கத்தக்க இரத்தப் பரிசோதனை முடிவு இல்லையென்றால் அங்கே 28 நாள் தனிமைப்படுத்தல்.

கொழும்பில் செய்ய வேண்டியவை

ஏற்றுமதிக்கான சுகாதாரச் சான்றிதழ் அரசின் பொறுப்பு. பேராதனை கெட்டம்பேயில் தலைமையகம் கொண்ட கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களத்தின் தனிமைப்படுத்தல் பிரிவு அதைப் பார்க்கிறது. தனியார் மிருக வைத்தியர் கொடுக்கும் கடிதம் மட்டும் போதாது. ஐரோப்பாவுக்கும் பிரித்தானியாவுக்கும் உரிய சான்றிதழ், வழங்கிய நாளிலிருந்து 10 நாட்களுக்குள் அங்கே போய்ச் சேருவதற்கே செல்லும். அதனால் விமான நாள் உறுதியான பின்னரே அதை எடுக்க வேண்டும். ஐரோப்பிய விதிப்படி நாய் செல்லும் நாளுக்கு முன்னோ பின்னோ ஐந்து நாட்களுக்குள் நீங்களும் பயணிக்க வேண்டும். பிந்தினால் அது வணிக இறக்குமதியாகக் கணிக்கப்படும்.

கூண்டுக்குள் நாய் தலை முட்டாமல் நிற்கவும், திரும்பவும், படுக்கவும் இடம் இருக்க வேண்டும். கூண்டை இரண்டு மாதம் முன்னரே வாங்கி வீட்டில் திறந்து வையுங்கள். நாய் தானாகப் போய் அதில் படுக்கப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது. மயக்க மருந்து கொடுத்து அனுப்பாதீர்கள். வானில் சுவாசமும் இரத்த அழுத்தமும் குறைந்து ஆபத்தாகலாம். பக், புல்டோக் போன்ற சப்பை மூக்கு நாய்களைப் பல விமான நிறுவனங்கள் ஏற்பதில்லை. கொழும்பு வெயிலிலேயே மூச்சு வாங்கும் அந்த நாய்களுக்கு நீண்ட விமானப் பயணம் ஆபத்தானது. இடையில் விமானம் மாறும் நாட்டின் விதியையும் விமான நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

திரும்பி வருவதையும் நினைக்க வேண்டும்

பலர் விசாரிக்காமல் விடுவது இதைத்தான். இலங்கையில் பிறந்து வளர்ந்த நாயாக இருந்தாலும், திரும்பி வரும்போது அது இறக்குமதியாகவே கொள்ளப்படும். 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டத்தின் கீழ், அதே திணைக்களத்திடம் இறக்குமதி அனுமதிப்பத்திரம் பெற்றே கொண்டுவர முடியும். அங்கே நிற்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும். தங்கியிருக்கும் நாட்டின் அரச மிருக வைத்தியரின் சான்றிதழும் தேவைப்படும்.

அடுத்த தடுப்பூசி எந்த நாளில் என்பதையும் இங்கேயே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய விதிப்படி, ஊசியின் காலம் முடியுமுன் அடுத்ததைப் போட்டுவந்தால் ஒருமுறை செய்த இரத்தப் பரிசோதனை நாயின் வாழ்நாள் முழுக்கச் செல்லும். ஒரு நாள் பிந்தினாலும் ஊசியிலிருந்து மூன்று மாதக் காத்திருப்பு வரை எல்லாவற்றையும் மீண்டும் தொடங்க வேண்டும். நீங்கள் வெளிநாட்டில் நிற்கும் மாதங்களுக்குள் அந்தத் திகதி வருமானால், அங்குள்ள மிருக வைத்தியரிடம் முன்னரே நேரம் எடுத்து வையுங்கள்.

விட்டுச் செல்வதென்று முடிவெடுத்தால்

வயதான நாய், இதய நோயுள்ள நாய், மூன்று மாதப் பயணம் என்றால் விட்டுச் செல்வதே நாய்க்கு நல்லது. ஆனால் காவலாளியிடம் சாப்பாட்டுக் காசு கொடுத்துவிட்டுப் போவது ஏற்பாடு ஆகாது. நாய் ஏற்கெனவே அறிந்த ஒருவர் வேண்டும். தடுப்பூசி அட்டையும், மிருக வைத்தியரின் தொலைபேசி இலக்கமும், நாய்க்கு வருத்தம் வந்தால் உங்களைக் கேட்காமலே சிகிச்சை செய்விக்கலாம் என்ற கடிதமும் அவர் கையில் இருக்க வேண்டும். நீங்கள் போவதற்கு முன் ஒரு வாரம் நாயை அவரிடம் விட்டுப் பாருங்கள். அது அங்கே சாப்பிட்டு உறங்கினால் நீங்கள் பயமின்றி விமானம் ஏறலாம்.