பாண்டிநாட்டுப் புரவியும் அதன் பயிற்சியும்

மணிவாசகப் பெருமான் வரலாற்றில் குதிரை பெறும் இடம் பெரிது. பரி கொள்ளப் பாண்டியன் தந்த பொருள் திருப்பெருந்துறையிற் சிவபணிக்காயிற்று; நரிகள் பரிகளாயின; இறைவன் குதிரைச் சேவகனாய் மதுரைக்கு எழுந்தருளினன். இதனைப் பரஞ்சோதி முனிவர் திருவிளையாடற் புராணத்து 59ஆம் படலத்தும், கடவுண்மாமுனிவர் திருவாதவூரர் புராணத்துக் குதிரையிட்ட சருக்கத்தும் விரித்துரைப்பர். அருட்செயலிலே கருத்தூன்றுவார், அதன்கண் அமைந்த நாட்டு வழக்கினை நோக்காது செல்லுதல் உண்டு. அமைச்சர் ஒருவரைப் பெரும்பொருளோடு கடற்றுறைக்கு விடுத்துப் பரி கொள்ளவேண்டிய நிலை பாண்டியற்கு நேர்ந்தது ஏன்?

நல்ல பரி பாண்டிநாட்டிற் பிறவாமையே காரணம். ஸ்ரீவில்லிபுத்தூர், இராசபாளையம் முதலிய ஊர்களைச் சூழ்ந்த மலையடிவாரமும் கரிசல் நிலமும் ஆடுமாடுகளுக்கு மேய்ச்சலளிப்பன. இராசபாளையத்து நாய் நாடறிந்தது. குதிரை அங்ஙனம் பேர்பெற்றிலது. எனவே பாரசீகம், அரபுநாடு ஆகியவற்றினின்று மரக்கலங்களில் புரவிகள் வந்திறங்கின. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிகழ்ந்த இவ்வாணிகத்தைப் பாரசீக வரலாற்றாசிரியர் வசாபு குறித்துள்ளார். ஆண்டுதோறும் 1,400 குதிரைகள் அனுப்புவதென ஓர் உடன்படிக்கை இருந்ததென்றும், ஒன்றன் விலை 220 பொற்றீனாரென்றும், வழியில் இறந்தவற்றுக்கும் அரசன் கருவூலத்தினின்று விலை கொடுக்கப்பட்டதென்றும் அவர் கூறுவர்.

இத்துணைப் பொருள் செலவிட்டும் பரிகள் நெடுநாள் வாழ்ந்தில. 1290களில் இக்கரையைக் கண்ட மார்க்கோ போலோ, குதிரை மருத்துவம் அறிந்தார் இந்நாட்டில் இலர் என்றும், அத்தகையாரை இங்கு வாராமல் வணிகரே தடுத்தனர் என்றும் எழுதினார். பரிகள் இறக்க இறக்க வாணிகம் பெருகுமன்றோ! வசாபு கூறுவது இன்னும் கூர்மையானது. வந்த குதிரைகளை முளையடித்துக் கயிற்றாற் பிணித்து, கொழுக்கும்படி 40 நாள் கொட்டிலிலே நிறுத்துவர். பின்னர்ப் பயிற்சியொன்றும் தாராமல், அங்கவடியும் இன்றி, வீரர் ஏறிக் கடிதிற் செலுத்துவர். வலிய புரவியும் சின்னாளில் சோம்பி மெலிந்து பயனற்றுப்போம் என்பது அவர் உரை.

இதன் காரணம் அறிதற்கு அரியதன்று. கடல்வழியிற் கால் அசையாது நின்ற விலங்கு மேலும் 40 நாள் கட்டுண்டு கொழுக்குமாயின், தசை தளரும், மூச்சு குறுகும். உடனே வெயிலில் விரையச் செலுத்தின் முன்னங்கால் நரம்புகள் பழுதுறும். இளம்பரியைப் பயிற்றும் முறையோ வேறு. முதற்கண் தலைக்கயிறிட்டு உடன்நடத்தி மனிதன் கைக்கும் குரலுக்கும் பழக்குவர். பின்பு நீண்ட கயிற்றில் வட்டமாக இருபுறமும் ஓட்டுவர். கடிவாளம் வாய்க்குப் பழகிய பின்னரே வெறுஞ்சேணம் வைப்பர். அதனைப் பொறுத்த பின்னரே ஆள் ஏறுதல். திங்கள் பல செல்லும் இவ்வேலையை நாளெண்ணிக் குறைத்தல் இயலாது. கௌடிலியர் பொருணூலும் நான்கு அல்லது ஐந்து யாண்டு நிரம்பிய குதிரையையே தொழிற்குரியதென்னும். ஊர்தற்குரிய பரியின் நடைகளை எண்ணுமிடத்துக் குறிப்பறிந்து நடத்தலையும் ஒன்றாக வைக்கும். குறிப்பறிதல் கொழுத்த தீனியால் வருவதன்று.

வசாபு இந்நாட்டை நேரிற் கண்டவரல்லர், பாரசீகத்திருந்து கேட்டெழுதியவர். ஆதலின் அவர் கூற்றை முழுவதும் கொள்ளுதல் தகாது. வாதுவன், வையாளி, சாரி என்னும் சொற்கள் தமிழில் வழங்குதலே, பரி பயிற்றும் தொழில் இங்கு அறியப்படாததன்று எனக் காட்டும். ஆயினும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வந்திறங்கிய பரிகளுக்குப் போதிய வாதுவர் இல்லை எனக் கொள்ளின், இருவகைச் சான்றும் முரணாவாம்.

இனிப் புராணத்திற்கு வருவோம். ஆண்டுப் பரிகளை அரசன் முன்னர் நடத்திக் காட்டிய பின்னரே கயிறு மாறுதல் நிகழ்கின்றது. கயிறு மாறியபின் வருவன எல்லாம் கொண்டோனைச் சாரும், விற்றோனைச் சாரா. அன்றிரவே பரிகள் நரிகளாகியபோது பாண்டியன் வணிகனைத் தேடாது வாதவூரரை ஒறுத்தமைக்கு இவ்வழக்கும் ஒரு காரணம். வசாபு காட்டும் அரசனோ, நடை காணாமலும் கயிறு மாறாமலும் கடலில் இறந்த பரிக்கும் விலை கொடுத்தவன்.