செண்பகத் தீவு எங்கே?



குன்னூரில் நான் ஆசிரியப் பணி ஆற்றிய காலத்தில், மழைநாள் மாலையொன்றில் மாணவன் ஒருவன் நிலப்படத்துடன் என்னிடம் வந்தான். "ஐயா, செண்பகத் தீவு எங்கே இருக்கிறது? எவ்வளவு தேடியும் அகப்படவில்லை" என்றான். பள்ளத்தாக்கைப் பனி மூடும்போது மலைமுடிகளே தீவுகளாகத் தோன்றும் ஊர் எங்கள் ஊர். அங்கே வளர்ந்த சிறுவனுக்குத் தீவின்மீது ஆவல் பிறந்ததில் வியப்பில்லை.

அவன் படித்திருந்தது, 1941 முதல் 1943 வரை 'கல்கி' இதழில் தொடராக வெளிவந்த 'பார்த்திபன் கனவு'. சோழ இளவரசன் விக்கிரமன், பல்லவருக்கு அடங்க மறுத்ததால் நாடு கடத்தப்படுகிறான். தொலைவிலுள்ள செண்பகத் தீவை அடைந்து, அதன் அரசனாகிறான். பின்னர் இரத்தின வணிகனாக மாறுவேடம் பூண்டு தாய்நாடு திரும்புகிறான். பல்லவன் மகள் குந்தவியின் காதலும், இன்னாரென்று விளங்காத சிவனடியாரின் மர்மமும் கதையை நடத்திச் செல்கின்றன.

"அத்தீவும் விக்கிரமனும் கல்கியின் கற்பனை" என்றேன். சிறுவனின் முகம் வாடியது. "அப்படியானால் எல்லாம் பொய்தானா, ஐயா?"

இக்கேள்விக்கு விடை கூறுவது வரலாற்று ஆசிரியனின் கடமையன்றோ? நரசிம்மவர்மன் மெய், 642-இல் அவன் வாதாபியை வென்றதும் மெய். இன்னொன்றும் உண்டு. நாட்டை இழந்த மானவர்மன் என்னும் இலங்கை இளவரசன் கடல் கடந்து வந்து, நரசிம்மவர்மனிடம் அடைக்கலம் புகுந்தான்; பல்லவனுக்காகப் போரிட்டான். பல்லவப் படையுடன் இலங்கைக்குச் சென்று முதன்முறை வெற்றி பெறாது திரும்பினான். மறுமுறை வென்று அரியணை ஏறினான். இதை இலங்கையின் சூளவம்சம் உரைக்கிறது. நரசிம்மவர்மனின் இலங்கை வெற்றியைக் காசாக்குடிச் செப்பேடும் குறிப்பிடுகிறது. இரு கரைச் சான்றுகளும் ஒத்து நிற்கின்றன.

கதையில் தமிழ் இளவரசன் தீவுக்குச் செல்கிறான். வரலாற்றில் தீவின் இளவரசன் தமிழகம் வருகிறான். இவ்விரண்டையும் கேட்ட சிறுவனின் கண்கள் ஒளிர்ந்தன.

கதாசிரியர்கள் தொலைதூரத் தீவை நாடுவது ஏன்? அரண்மனையில் நடந்ததைக் கல்வெட்டு கூறிவிடக்கூடும்; சான்றுகள் மௌனமாக இருக்கும் தீவிலோ கற்பனை தடையின்றி உலவலாம். ஆனால் அந்தச் சுதந்திரம் கதைக்கு உரியது, தேர்வுத்தாளுக்கு உரியதன்று. விக்கிரமனை வரலாற்று மன்னனாக எழுதுவது பிழை. அவன் கற்பனை என்பதற்காக நூலையே ஒதுக்குவதும் பிழை.

ஆகவே, வரலாற்றுப் புதினத்தை ஆவலோடு படியுங்கள். படித்து முடித்தபின், "இதற்குச் சான்று எது?" என்று கேளுங்கள். நம் நீலமலையின் பெயரும் 1117-ஆம் ஆண்டுக் கல்வெட்டொன்றில், போசளப் படைத்தலைவன் புணிசனின் வெற்றியைக் கூறுமிடத்தில் வருகிறது. கதை எழுப்பும் ஆவல் அத்தகைய கல்லருகே உங்களை அழைத்துச் செல்லுமாயின், செண்பகத் தீவு நிலப்படத்தில் இல்லாதது ஒரு குறையன்று.