ஆதித்யா-எல்1: சூரியனைப் பல விண்கலங்கள் சேர்ந்து நோக்கல்

ஆதித்யா-எல்1, சூரியனை ஆராய்வதற்காக இஸ்ரோ அனுப்பிய முதல் விண்கலம். 2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி-சி57 ஏவூர்தியில் புறப்பட்டது. 2024 ஜனவரி 6 அன்று எல்1 என்னும் லாக்ராஞ்சு புள்ளியைச் சுற்றிவரும் பாதையை அடைந்தது. இப்புள்ளி புவியிலிருந்து சூரியன் இருக்கும் திசையில் சுமார் 15 லட்சம் கி.மீ. தொலைவில் உள்ளது. அங்கிருந்து கிரகண மறைப்பு இல்லாமல் சூரியனை இடைவிடாது பார்க்கலாம்.

திட்ட இயக்குநர்

இத்திட்டத்தை நடத்திய நிகார் ஷாஜி தென்காசி மாவட்டம் செங்கோட்டையைச் சேர்ந்தவர். அங்குள்ள அரசுப் பள்ளியிலும், பின்னர் திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியிலும் படித்து, 1987-இல் இஸ்ரோவில் சேர்ந்தார்.

கருவிகள்

கலத்தில் 7 கருவிகள் உள்ளன. நான்கு கருவிகள் சூரியனை நேரடியாகப் பார்க்கின்றன. மற்ற மூன்றும் கலத்தைக் கடந்து செல்லும் துகள்களையும் காந்தப்புலத்தையும் அளக்கின்றன. சூரியனின் வெளிமண்டலமான கரோனாவைப் பார்க்கும் வி.இ.எல்.சி. கருவியை இந்திய வானியற்பியல் நிறுவனம் உருவாக்கியது. நூறாண்டுக்கு மேலாகச் சூரியனைப் படமெடுத்துவரும் கொடைக்கானல் ஆய்வகமும் இந்நிறுவனத்தைச் சேர்ந்ததே. புற ஊதாக் கதிரில் படமெடுக்கும் சூட் தொலைநோக்கி, புனேயின் ஐயூகா மையத்தில் உருவானது.

கூட்டு நோக்கின் தேவை

கரோனாவிலிருந்து வெடித்துக் கிளம்பும் பிளாஸ்மா மேகம் புவியை எட்டும்போது பல கோடி கி.மீ. அகலமுடையது. அதன் காந்தப்புலத்தை ஒரு கலம் தான் இருக்கும் இடத்தில் மட்டுமே அளக்க முடியும். வெவ்வேறு இடங்களில் நிற்கும் கலங்களின் அளவீடுகளை ஒன்றுசேர்த்தால்தான் மேகத்தின் உள்ளமைப்பு புலப்படும்.

இத்தகைய மேகங்கள் புவியைத் தாக்கியதால் 2024 மே மாதம் எழுந்த புவிக்காந்தப் புயல் இதற்குச் சிறந்த சான்று. இருபது ஆண்டுகளில் காணாத அளவு கடுமையான அந்தப் புயலின்போது, லடாக்கின் ஹான்லேயிலும் வானம் சிவந்தது. ஆதித்யா-எல்1 அளவீடுகளோடு விண்ட், ஏஸ், ஸ்டீரியோ-ஏ உள்ளிட்ட ஆறு அமெரிக்க விண்கலங்களின் தரவுகளையும் இணைத்து இந்திய ஆய்வாளர்கள் அதன் கடுமைக்கான காரணத்தைக் கண்டறிந்தனர். இரண்டு பிளாஸ்மா மேகங்கள் வழியில் மோதி நெருக்கியதால், ஒரு மேகத்தின் உள்ளேயே காந்தக் கோடுகள் அறுந்து மீண்டும் இணைந்திருந்தன. அவ்வாறு நிகழ்ந்த பகுதியின் அகலம் சுமார் 13 லட்சம் கி.மீ., அதாவது புவியின் விட்டத்தைப் போல நூறு மடங்கு.

பிற எடுத்துக்காட்டுகள்

2022 செப்டம்பர் 26 அன்று நாசாவின் டார்ட் கலம் ஒரு சிறுகோளின் துணைக்கோளான டைமார்பஸில் மோதியது. அந்த மோதலை ஹபிள், ஜேம்ஸ் வெப் தொலைநோக்கிகள் நோக்கின; இரண்டும் ஒரே வான்பொருளை ஒரே நேரத்தில் நோக்கியது அதுவே முதன்முறை. 2024 டிசம்பர் 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ஐரோப்பாவின் புரோபா-3 திட்டத்தில் இரண்டு கலங்கள் 150 மீட்டர் இடைவெளியில் பறந்தன. முன்னால் சென்ற கலம் சூரிய வட்டை மறைக்க, பின்தொடர்ந்த கலம் கரோனாவைப் படமெடுத்தது.

பயன்

எல்1 புள்ளியைக் கடக்கும் சூரியக் காற்று ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் புவியை எட்டிவிடும். வேகமான புயல் அதற்கும் முன்பே வந்துவிடும். செயற்கைக்கோள்களையும் மின்கட்டமைப்புகளையும் காக்க இந்த அவகாசம் போதாது. சூரியனில் வெடிப்பு கிளம்பும்போதே பல கலங்கள் அதைத் தொடர்ந்து கவனித்து, தரவுகளை நாடுகள் பகிர்ந்துகொண்டால் முன்னெச்சரிக்கைக்கு நாள்கணக்கில் நேரம் கிடைக்கும்.